சுவாதி நட்சத்திரம் எந்த பேட்ச்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான் ஒரு ஃபவுண்டரி இன்ஜினியர். பதினைந்து வருடமாக வார்ப்பிரும்போடு வாழ்கிறவன். எனவே இரும்பைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அவரை ஏமாற்றப் போவதில்லை. இரும்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்த இரும்பு நட்சத்திரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்!

முதலில் ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் பரிசோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். இருட்டறை, பாதரச விளக்கு, கிரேட்டிங், வெர்னியர். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாலும் எனக்குக் கோடு தெரியவில்லை. பக்கத்து டேபிள் நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிட்டேன். நான் மட்டுமல்ல, இங்கே சிரிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்தீர்கள். எங்கள் இயற்பியல் சார் என் நோட்டை வாங்கி, தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்டார்: "ரீடிங் எடுத்தியா, எழுதினியா?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் மேலே எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. எதற்காக இதைச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அன்று நான் பார்க்கத் தவறிய கோடுகள்தான் வானியலின் உயிர்நாடி. 1814-ல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர், சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது வண்ணப் பட்டைக்கு நடுவே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் கண்டார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்குகிறது. பச்சை நிறப் பகுதியில் 517 நானோமீட்டரை ஒட்டி மூன்று கோடுகள் இருந்தால் அது மெக்னீசியம். இரும்புக்கோ ஆயிரக்கணக்கான கோடுகள். கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைக் கொண்டு அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதற்கு வெப்பத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அந்தச் சமன்பாட்டை 1920-ல் தந்தவர் நம் மேகநாத் சாஹா. அதை வைத்துத்தான் 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற இளம்பெண் நட்சத்திரங்களில் பெரும்பங்கு ஹைட்ரஜன்தான் என்று கண்டார்.

எங்கள் ஃபவுண்டரியில் இருக்கும் ஸ்பெக்ட்ரோவும் இதே வேலையைத்தான் செய்கிறது. உருகிய இரும்பில் கொஞ்சம் எடுத்துக் காசு போல வார்த்து, அதில் மின்பொறி பாய்ச்சினால், வரும் ஒளியைப் பிரித்து கார்பன் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு, மெக்னீசியம் இவ்வளவு என்று அரை நிமிடத்தில் பிரிண்ட் கொடுத்துவிடும். எங்களுக்கு அது ஒளிரும் கோடாகத் தெரிகிறது, நட்சத்திரத்தில் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. இயற்பியல் ஒன்றுதான்.

இப்போது வானத்துக்குப் போவோம். நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் வெண்புகை போல ஒரு பட்டை தெரியும். அதுதான் பால்வழி, நம் முன்னோர் சொன்ன ஆகாய கங்கை. நம் கேலக்ஸி ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குள்ளேயே நாம் உட்கார்ந்து விளிம்பை நோக்கிப் பார்ப்பதால் அது பட்டையாகத் தெரிகிறது. அகலம் ஏறக்குறைய 1,00,000 ஒளியாண்டு. நடுவில் உப்பி, ஓரம் மெலிந்து, சட்டியிலிருந்து எடுத்த ஆப்பம் மாதிரி. தட்டுப் பகுதி எவ்வளவு மெல்லியது என்றால், பழைய சிடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள் (இந்நாள் மாணவர்கள் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளவும்!), கிட்டத்தட்ட அந்த விகிதம். மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி நம் சூரியன். அது வினாடிக்கு 220 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் ஓடியும், ஒரு சுற்று முடிக்க 22, 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி இதுதான்: இந்தத் தட்டு எப்படி உண்டானது? பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டுகள். தட்டு எப்போது வந்தது? ஒரே மூச்சில் வந்ததா, தவணை முறையிலா? அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. ரெக்கார்டு நோட்டும் இல்லை. ஆனால் அன்று பிறந்த நட்சத்திரங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணையை முறையாகத் தொடங்கியது 1962-ல் எக்கன், லிண்டன்-பெல், சாண்டேஜ் என்ற மூவர். 221 நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். உலோகம் குறைந்த பழைய நட்சத்திரங்கள் நீண்டு ஒடுங்கிய பாதைகளில் ஓடுவதையும், உலோகம் மிகுந்தவை வட்டமான பாதைகளில் ஓடுவதையும் கண்டார்கள். மாபெரும் வாயு மேகம் ஒன்று மிகக் குறுகிய காலத்தில் சரிந்து விழுந்து தட்டாகியது என்று முடிவு கட்டினார்கள். 1978-ல் சியர்ல், ஸின் இருவரும் வந்து, "அப்படியில்லை, சின்னச் சின்னத் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துதான் வெளிப்பகுதி உருவானது" என்றார்கள். கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிரிப்பது போல, இந்த வாதம் நீண்டுகொண்டே போனது.

1983-ல் ஒரு திருப்பம். கில்மோர், ரீட் என்ற இருவர், தட்டுக்குச் செங்குத்தான திசையில், தென் துருவப் பக்கமாகப் பார்த்து, சுமார் 12,500 நட்சத்திரங்களின் தூரத்தைக் கணித்தார்கள். தட்டிலிருந்து மேலே போகப் போக நட்சத்திரங்கள் எப்படிக் குறைகின்றன என்று வரைந்தார்கள். செமி-லாக் கிராஃப் தாளில் ஒரு நேர்க்கோடு இறங்கி வரும் என்றுதான் எதிர்பார்ப்பு. கோடு இறங்கியது, சில ஆயிரம் ஒளியாண்டு உயரத்தில் சட்டென்று சாய்வு குறைந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தது. ஒரு கிராஃபில் இரண்டு சாய்வு இருந்தால் என்ன அர்த்தம்? உள்ளே இரண்டு விதமான சரக்கு கலந்திருக்கிறது! ஒன்று மெல்லிய தட்டு. இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு தடிமனான, அடர்த்தி குறைந்த தடித்த தட்டு. சிடியை ஊத்தப்பத்துக்குள் வைத்த மாதிரி. நாம் வசிக்கும் இடத்தில் பெரும்பான்மை மெல்லிய தட்டின் ஆட்கள்தான். ஊடே ஒரு சிறு பங்கு தடித்த தட்டின் ஆட்கள் கலந்திருக்கிறார்கள்.

கலந்திருப்பவர்களில் யார் எந்த பேட்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கார்களின் ஸ்டீயரிங் நக்கிள் வார்த்துக்கொண்டிருந்தோம். அது எஸ்.ஜி. அயர்ன். சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் இதழ் இதழாக இருக்கும், அடித்தால் உடையும். உருகிய இரும்பில் கொஞ்சம் மெக்னீசியம், 0.04 சதவீதம் அளவில் தங்கும்படி சேர்த்தால், கிராஃபைட் உருண்டை உருண்டையாக மாறி இரும்பு உறுதியாகிவிடும். ஒரு சிக்கல். மெக்னீசியம் சுமார் 1090 டிகிரியிலேயே கொதித்துப் போகும். இரும்போ 1400 டிகிரிக்கு மேல் இருக்கிறது. லேடிலில் நேரம் ஆக ஆக மெக்னீசியம் குறைந்துகொண்டே போகும். ஃபேடிங் என்போம். எங்கள் கடையில் பத்து நிமிடக் கெடு. அதற்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும்.

ஒரு நாள் இரவு ஷிஃப்டில் கிரேன் நின்றுவிட்டது. சரிசெய்து மீண்டும் ஊற்றியபோது நேரம் தாண்டிவிட்டது. ஊற்றுகிற பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, கடைசி நாலு பாக்ஸ் லேட்டுப்பா" என்றார். ஒரு பாக்ஸுக்கு இரண்டு காஸ்டிங். ஆக எட்டு. ஆனால் நாக்-அவுட்டில் எல்லாம் ஒன்றாய் விழுந்து, முந்நூற்றுச் சொச்சம் காஸ்டிங்கோடு கலந்துவிட்டன. ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டோ லேடிலின் ஆரம்பத்தில் எடுத்த காசுக்கானது. 0.042. பாஸ். காகிதத்தில் எல்லாமே சரி. வெளியே லாரி நிற்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ரூமுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. "ரீடிங் எடுத்தியா, எழுதினியா?" அந்த 0.042 கடைசி நாலு பாக்ஸுக்கான ரீடிங் அல்ல என்பது எனக்குத் தெரியும். விடிந்ததும் மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். லாரியைத் திருப்பி வரவழைத்தார்கள். இரண்டு நாள் ஒவ்வொரு காஸ்டிங்காக அல்ட்ராசோனிக் கருவியில் ஒலியின் வேகம் பார்த்தோம். நல்ல எஸ்.ஜி. அயர்னில் ஒலி வேகமாகப் போகும்; கிராஃபைட் உருண்டை கெட்டுப்போனால் வேகம் குறையும். மெதுவாகப் போனவற்றை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம், மெக்னீசியத்தையும் பார்த்தோம். வேகமும் குறைவு, மெக்னீசியமும் குறைவு. சரியாக எட்டு! எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. நியாயமான மெமோதான், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கலந்துவிட்ட கூட்டத்தில் எது எந்த நேரத்தில் ஊற்றப்பட்டது என்பதை இரண்டு சாட்சிகளை வைத்துக் கண்டுபிடித்தோம். ஒன்று வேதியியல், இன்னொன்று வேகம். சில வருடங்கள் கழித்து வானியல் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது நான் திகைத்துப் போனேன். நட்சத்திரங்களிடம் அவர்கள் தேடுவதும் இந்த இரண்டைத்தான். அதிலும் அவர்கள் பார்க்கும் முக்கியமான எண், இரும்புக்கு எதிரான மெக்னீசியத்தின் விகிதம்!

அதன் கணக்கு இதுதான். பிரபஞ்சம் தோன்றியபோது இருந்தது ஹைட்ரஜனும் ஹீலியமும், துளி லித்தியமும்தான். மற்றவை பெரும்பாலும் நட்சத்திரங்களின் வயிற்றில் சமைந்தவை. இதை 1957-ல் பர்பிட்ஜ் தம்பதியர், ஃபவுலர், ஹாயில் நால்வரும் விரிவாக எழுதினார்கள். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் கனமான நட்சத்திரம் ஆடம்பரமாகச் செலவு செய்யும் ஆள். சில மில்லியன் ஆண்டுகளிலிருந்து சில கோடி ஆண்டுகளுக்குள் எரிபொருளைத் தீர்த்துவிட்டு வெடித்துவிடும். வெடிக்கும்போது ஆக்சிஜனும் மெக்னீசியமும் சிலிக்கானும் தாராளமாக, இரும்பு கொஞ்சமாக அள்ளி வீசும்.

இரும்பின் பெரும்பங்கு வேறொரு கடையிலிருந்து வருகிறது. சூரியன் போன்ற நட்சத்திரம் கடைசியில் வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கும். இதன் எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, சூரியனைப் போல 1.4 மடங்கு. கண்டுபிடித்தவர் சென்னை மாநிலக் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திரசேகர். 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கு. முன்னாள் மாணவர் என்றால் இப்படி இருக்க வேண்டும்! அவருக்கு நோபல் பரிசு கிடைத்த 1983-ம் ஆண்டில்தான் தடித்த தட்டும் கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளைக் குள்ளன் பக்கத்துத் துணையிடமிருந்து சரக்கை இழுத்தோ, இன்னொரு குள்ளனோடு சேர்ந்தோ வெடிக்கும்போது, சூரியனின் எடையில் பாதிக்கும் மேல் இரும்பாகக் கொட்டுகிறது. ஆனால் இந்த வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டும். சிலவற்றுக்குப் பத்துக் கோடி ஆண்டு, பலவற்றுக்கு நூறு கோடி ஆண்டு, அதற்கும் மேல்.

புரிகிறதா? மெக்னீசியம் உடனே வருகிறது, இரும்பு தாமதமாக வருகிறது. ஆரம்ப காலத்தில் பிறந்த நட்சத்திரத்தில் இரும்புக்கு எதிரான மெக்னீசியம் அதிகம் இருக்கும். பிற்காலத்தில் பிறந்ததில் குறைந்திருக்கும். இந்த விகிதத்தைக் கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்று 1979-ல் எடுத்துச் சொன்னவர் பியாட்ரிஸ் டின்ஸ்லி என்ற அம்மையார். எங்கள் லேடிலில் மெக்னீசியம் பறந்துபோவதால் விகிதம் குறைகிறது. கேலக்ஸியில் மெக்னீசியம் எங்கும் போவதில்லை, இரும்பு வந்து சேருவதால் குறைகிறது. காரணம் வேறு. ஆனால் "இது எப்போது ஊற்றிய வார்ப்பு?" என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் அதே எண் பதில் சொல்கிறது.

இன்னொரு வசதி. சூரியன் போன்ற நட்சத்திரத்தில் அணு உலை மையத்தில்தான் எரிகிறது. மேற்பரப்பில் இருக்கும் மெக்னீசியமும் இரும்பும் அது பிறந்த வாயு மேகத்தின் கலவையைத்தான் காட்டுகின்றன. ஆயிரம் கோடி ஆண்டு கழித்துப் பார்த்தாலும் ஹீட் நம்பர் அழியாது.

1990-களின் இறுதியிலிருந்து ஒவ்வொருவராக இந்த விகிதத்தை நுணுக்கமாக அளந்தார்கள். பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஈஸ்வர் ரெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் 2006-ல் தடித்த தட்டின் 176 நட்சத்திரங்களின் வேதியியலை வெளியிட்டார்கள். நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கும் அதே நிறுவனம்தான். பல குழுக்களின் அளவீடுகளும் ஒரே விஷயத்தைச் சொல்லின. ஒரே அளவு இரும்பு உள்ள இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டால், தடித்த தட்டின் ஆளிடம் மெக்னீசியம் கூடுதல். மெல்லிய தட்டின் ஆளிடம் குறைவு. அப்படியானால் தடித்த தட்டு, வெள்ளைக் குள்ளர்கள் இரும்பைக் கொட்டத் தொடங்குவதற்குள் அவசரம் அவசரமாகக் கட்டப்பட்டது. மெல்லிய தட்டு நிதானமாக, தவணை முறையில் கட்டப்பட்டது.

பின்பு அமெரிக்காவில் அபோஜி என்ற திட்டம். இன்ஜினியர்கள் கேட்டால் மகிழ்வார்கள். அலுமினியத் தகட்டில், ஒவ்வொரு நட்சத்திரத்தின் பிம்பமும் விழும் இடத்தில் துல்லியமாகத் துளை போட்டு, 300 ஆப்டிகல் ஃபைபர்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகச் சொருகினார்கள். ஒரே நேரத்தில் 300 ரீடிங்! 2015-ல் சுமார் 70,000 செம்பூத நட்சத்திரங்களைக் கொண்டு தட்டு முழுக்க வரைபடம் போட்டார்கள். மெக்னீசியம் மிகுந்த பழைய கூட்டம் உட்பகுதியில் செறிந்திருக்கிறது, வெளிப்பகுதியில் அருகிவிடுகிறது. கேலக்ஸி உள்ளிருந்து வெளியே வளர்ந்ததற்கு இது ஒரு தடயம்.

இது வேதியியல் சாட்சி. வேகம்? நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை அதே நிறமாலைக் கோடுகள் டாப்ளர் விலகல் மூலம் சொல்லிவிடும். பக்கவாட்டு நகர்வுதான் கடினம். அதற்காக ஐரோப்பியர்கள் 2013 டிசம்பரில் கையா என்ற விண்கலத்தை ஏவினார்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், ஆறு மணிக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, ஏறக்குறைய 100 கோடி பிக்சல் கொண்ட கேமராவால், கிட்டத்தட்ட 200 கோடி நட்சத்திரங்களை அளந்தது. துல்லியம் எப்படி என்றால், 1000 கி.மீ. தள்ளி நிற்கும் ஒருவரின் தலைமுடியின் தடிமனை அளப்பதற்குச் சமம். 2025 ஜனவரியில் அதன் பணி முடிந்தது. அது அனுப்பிய ரீடிங்குகளை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

2018-ல் கையாவின் இரண்டாவது பட்டியல் வெளிவந்த ஆண்டில், இரண்டு குழுக்கள் ஒரே முடிவுக்கு வந்தன. ஒன்று அமினா ஹெல்மியின் குழு, மற்றொன்று பெலோகுரோவின் குழு. நம் அருகில் உள்ள பழைய நட்சத்திரங்களில் ஒரு பெருங்கூட்டம் வட்டமாகச் சுற்றாமல், மையத்தை நோக்கி நேராகப் பாய்ந்து, திரும்பி வெளியே ஓடுகிறது. அவற்றின் வேதியியலும் நம் ஊர் வேதியியல் அல்ல. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் வேறொரு சிறிய கேலக்ஸி நம்மோடு மோதி, கரைந்து, அதன் பிள்ளைகள் இன்னும் பழைய ஓட்டத்தை மறக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன! நம் தட்டில் ஏற்கெனவே இருந்த நட்சத்திரங்களில் சிலவும் அந்த மோதலில் மேலே தெறித்திருக்கின்றன.

அப்படியானால் தடித்த தட்டே அந்த மோதலால் வந்ததுதானா? 2022-ல் ஷியாங், ரிக்ஸ் என்ற இருவர் சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கியையும் கையாவையும் சேர்த்து, வயதைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரு குறுகிய பருவத்தில் இருக்கும் சுமார் 2,50,000 நட்சத்திரங்களைக் கணக்கிட்டார்கள். தடித்த தட்டு 1300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பிரபஞ்சம் தோன்றி நூறு கோடி ஆண்டு முடியும் முன்பே, உருவாகத் தொடங்கிவிட்டது. மோதலுக்கு முன்பே வேலை ஆரம்பம். ஆனால் சுமார் 1100 கோடி ஆண்டுகளுக்கு முன், மோதலை ஒட்டிய காலத்தில்தான் அங்கே நட்சத்திர உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. இன்னொன்றும் கண்டார்கள்: அந்தத் தட்டில் வயதும் உலோக அளவும் ஒன்றையொன்று நெருக்கமாகத் தொடர்கின்றன. அதாவது வாயு நன்றாகக் கலக்கப்பட்டிருந்தது. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் இரும்பு தானாகக் கலங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதன் பிறகு, சுமார் 800 கோடி ஆண்டுகளாக, மெல்லிய தட்டு நிதானமாக வளர்ந்து வருகிறது. 460 கோடி ஆண்டு வயதான நம் சூரியன் அந்த பேட்ச். தடித்தது, மெல்லியது இரண்டும் உண்மையிலேயே தனித்தனியா, அல்லது ஒன்றின் தொடர்ச்சியா என்ற வாதம் அறிஞர்களிடையே ஓயவில்லை. நட்சத்திரங்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. 2002-ல் செல்வுட், பின்னி இருவரும் காட்டியபடி, சுருள் கைகளின் இழுப்பில் சில நட்சத்திரங்கள் வட்டப்பாதை கெடாமலே உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே குடிபெயர்கின்றன. ஓட்டத்தைப் பார்த்தால் உள்ளூர்க்காரர் மாதிரியே இருக்கும். கலவையைப் பார்த்தால்தான் வெளியூர் என்று தெரியும். இந்த அரங்கில் துபாயிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்கள் மெஸ் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எந்த பேட்ச் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா, அந்த மாதிரி!

இனி தலைப்புக்கு வருகிறேன். சுவாதி நட்சத்திரம் நம் எல்லோருக்கும் பஞ்சாங்கத்தில் தெரியும். என் மாமியாரின் நட்சத்திரமும் அதுவே. இன்று ஜூன் மாதம். மேகம் விலகினால் இரவு ஒன்பது மணிக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் பிரகாசமாகத் தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வாலை அப்படியே வளைத்துக்கொண்டு வந்தால் அதில் முடியும். தூரம் 37 ஒளியாண்டு. எனக்கு வயது 37. நான் பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளிதான் இன்று வந்து சேருகிறது.

1718-ல் ஹாலி, பழைய கிரேக்கப் பட்டியலோடு ஒப்பிட்டு, சுவாதி இடம் மாறியிருக்கிறது என்று கண்டார். 1010-ல் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த நாளிலிருந்து இன்று வரை, அது வானத்தில் முழு நிலவின் அகலத்துக்கும் மேலாக நகர்ந்திருக்கிறது. நிலையானவை என்று நாம் நினைக்கும் நட்சத்திரங்களுக்கு இது பெரிய ஓட்டம். கேலக்ஸியைச் சுற்றுவதில் அது சூரியனைவிட வினாடிக்குச் சுமார் 100 கி.மீ. பின்தங்குகிறது. இரும்பு சூரியனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். இரும்புக்கு எதிரான மெக்னீசியமோ சூரியனைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொல்கின்றன. ஆகவே வானியலாளர் பலரும் சுவாதியைத் தடித்த தட்டின் ஆளாகவே வைக்கிறார்கள். நமக்கெல்லாம் சூப்பர் சீனியர்!

மாணவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார், "சார், இதனால என்ன பிரயோஜனம்? இன்டர்வியூல கேப்பாங்களா?" கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். நாற்பது வருடமாக, நூறு வருடமாக இவர்கள் செய்தது என்ன? யாரும் சரிபார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் ஒன்றை, சாட்சி ஒன்று போதாது என்று இரண்டாவது சாட்சியைத் தேடி, ரீடிங்கை எடுத்தார்கள், எழுதவில்லை. ஒரே ஒருவர் தன் தகட்டில் வராத கோட்டை வந்ததாக எழுதியிருந்தால், கேலக்ஸியின் கதையே தப்பாகப் போயிருக்கும். நீங்கள் நாளை பாலம் கட்டுவீர்கள், பிரேக் டிசைன் செய்வீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள். உங்கள் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் காரில் ஏறும். அந்த எட்டு காஸ்டிங்கும் லாரியில் போயிருந்தால் எந்தெந்த வண்டிகளில் ஏறியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துப் பார்ப்பேன்.

எங்கள் இயற்பியல் சார் இன்று இந்த அரங்கில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், பத்தொன்பது வருஷம் முன்னாடி நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எழுதினேன் சார். எடுக்கவில்லை. பாதரச விளக்கு இன்னும் ஆய்வகத்தில் இருந்தால், இன்று மாலை ஒரு முறை எடுத்துவிட்டுப் போகிறேன். அதன்பின் விருப்பமுள்ளவர்கள் மாடிக்கு வாருங்கள், சுவாதியைக் காட்டுகிறேன்.